கடைசி வண்டியின் மஞ்சள் விளக்கு

இல்லை செவெரின், வண்டியில ஒரு குறையும் இல்லை. குறை இருந்தா நேத்தே போன்ல சொல்லியிருப்பேன். முதல் சர்வீஸ்னு சீட்டுல எழுதிக்கோ, அது போதும். மெக்கானிக்கைக் கூப்பிடாதே, அவர் நிதானமா சாப்பிடட்டும். கதவை மட்டும் சாத்திட்டு வந்து உட்காரு. பன்னெண்டரையிலேர்ந்து ரெண்டு வரைக்கும் கடை மூடித்தானே இருக்கும்? அது தெரிஞ்சுதான் இந்த நேரத்துக்கு வந்தேன்.

காப்பியா? போட்டு வெச்சிருந்தா குடு. எனக்காகப் போட வேண்டாம்.

என்கிட்ட லத்தீன் படிச்சப்போ நீ எந்த பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்னு ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. ஜன்னல் ஓரம், மூணாவது. பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்து எழுதுவே. அவன் பண்ணின தப்பையும் அப்படியே எழுதுவே. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கிட்டே. சிரிக்கலாம், தப்பில்லை. அப்போ உனக்குப் பதினாலு வயசு.

பழகிடுச்சான்னு கேட்டா என்ன சொல்றது. பத்தொன்பது வருஷம் ஒரே மோட்டார் பைக்ல உட்கார்ந்தவ நான். ரெண்டு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர். அந்த ஜெர்மன் வண்டியில திரும்பற சிக்னல் போட, இடது பக்கம்னா இடது கட்டைவிரல், வலது பக்கம் திரும்ப வலது கட்டைவிரல். இதுல எல்லாம் ஒரே பொத்தான், அதுவும் இடது கையில. என் விரல் பழக்கத்துல எங்க போய் நிக்குதோ அங்க ஹாரனை வெச்சிருக்கான் ஜப்பான்காரன். அன்செல்மோட அடக்கத்துக்குப் போனேன் பாரு, கல்லறை வாசல்ல திரும்ப விரலை வெச்சேன், ஹாரன் அலறுது. இருநூறு பேர் திரும்பிப் பார்த்தாங்க. அவன் பெண்டாட்டி மட்டும் திரும்பலை. அவ சவப்பெட்டியையே பார்த்துக்கிட்டு நின்னா.

ஆமா, பல்வைத்தியர் அன்செல்ம்தான். உன் பல்லையும் அவன்தானே பார்த்தான்? நல்ல கை அவனுக்கு. வாய்தான் சும்மா இருக்காது.

வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு எங்க கிளப்புக் கிலியானைக் கோர்ட்டுல விசாரிக்கிறாங்க. அஜாக்கிரதையால அன்செல்ம் உயிர் போகக் காரணமா இருந்தான்னு குற்றச்சாட்டு. ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போடலாமாம். போடாம விட்டாலும் அவன் இந்தப் பள்ளத்தாக்குல இனிமே தச்சு வேலை செஞ்சு பிழைக்க முடியாது. யார் வீட்டுக் கூரையை அவனை நம்பிக் குடுப்பாங்க? இப்பவே ரெண்டு பேர் சொன்ன வேலையைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. இரு, அதுக்கு வர்றேன். நீயா கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். முதல்ல வண்டியைப் பத்திப் பேசலாம். நான் வண்டிக்காகத்தானே வந்திருக்கேன்.

மாத்தினதுக்குக் காரணம் உனக்கே தெரியும், நீதானே வித்தே. பிரேக் பம்ப் போச்சு. இனிமே அந்தப் பாகம் செய்யறதில்லைன்னு பதில் வந்துது. அதே கம்பெனியோட புது வண்டியில ஏறிப் பார்த்தேன், என் கால் தரைக்கு எட்டலை. முன்னாடி டெலிவிஷன் மாதிரி ஒண்ணு. எனக்கு அறுபத்தேழு வயசு, நான் ரோட்டைப் பார்க்கணுமா அதைப் பார்க்கணுமா? இந்த ஜப்பான் வண்டியில உட்கார்ந்தேன், ரெண்டு பாதமும் முழுசா தரையில பதிஞ்சுது. அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணிட்டேன். புத்தியோட எடுத்த முடிவு. அதுல எனக்கு இன்னிக்கும் வருத்தம் இல்லை.

ஆனா அதைச் சொல்லிக்கிற தைரியம் வரலை. உனக்கு எங்க கிளப்பைத் தெரியாது. நான் ஆரம்பிச்ச கிளப். பதினெட்டுப் பேர், பதினெட்டும் ஒரே கம்பெனி வண்டி. அப்படி ஒரு சட்டம் எழுதி வைக்கலை, நான் இருந்ததால அப்படி ஆச்சு. எட்டு வருஷத்துக்கு முந்தி இதே கிலியான் ஒரு ஜப்பான் வண்டியில வந்து நின்னான். பச்சை நிறம். எல்லாரும் சாமியார் கையால வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்க வரிசையில நிக்கிறோம், ஏப்ரல் மாசம். நான் சாமியார்கிட்டச் சொன்னேன், ஃபாதர், அந்தப் பிளாஸ்டிக் தயிர்க் கப்புக்கு வேண்டாம், தண்ணி பட்டா உருகிடும்னு. சாமியாரே சிரிச்சுட்டார். அந்த வருஷம் முழுக்க அவனுக்கு அதுதான் பேர். தயிர்க் கப்பு, இங்க வா. தயிர்க் கப்பு, பின்னாடி போ. அக்டோபர்ல அதை நஷ்டத்துக்கு வித்துட்டு எங்களை மாதிரியே ஒண்ணு வாங்கிட்டு வந்தான். நான் தோளைத் தட்டிக் குடுத்தேன்.

அவன் முன்னாடி நான் எப்படி இந்த வண்டியில போய் இறங்குவேன், சொல்லு.

அதனால அந்த ஞாயித்துக்கிழமை நான் எல்லாருக்கும் முந்திப் போயிட்டேன். சத்திரத்துக்குப் பின்பக்கம், விறகுக் கொட்டகை மறைவுல வண்டியை நிறுத்திட்டு, நடந்து முன்னாடி வந்தேன். பதினாலு பேர் வந்திருந்தாங்க. வழக்கமா கிளம்பறதுக்கு முன்னாடி நான் அஞ்சு நிமிஷம் பேசுவேன். எங்க வழி, எங்க சாப்பாடு, என்ன விதி.

விதியைக் கேட்டுக்கோ, வியாழக்கிழமை உனக்கும் வேண்டியிருக்கும். முன்னாடி வழி காட்டறவன் ஒருத்தன். கடைசியா வர்றது நான். ரோட்டுல பிரிவு வந்தா, வழி காட்டறவனுக்கு அடுத்து வர்றவன் அங்க நின்னுடணும். பின்னாடி வர்ற ஒவ்வொருத்தருக்கும் திரும்பற பக்கம் கையைக் காட்டணும். கடைசி வண்டியைக் கண்ணால பார்க்கிற வரைக்கும் நகரக் கூடாது. மழையோ பனியோ, அவசரமா ஒதுங்கணுமோ, நகரக் கூடாது. கடைசி வண்டி தெரிஞ்சதும் கையைத் தூக்கணும். கடைசி வண்டிக்காரர் பதிலுக்குக் கையைத் தூக்கினா, எல்லாரும் வந்தாச்சு, கிளம்புன்னு அர்த்தம். மத்தவங்களுக்கு ஒரே விதி. ஆள் நின்னா திரும்பு, ஆள் இல்லைன்னா நேரா போ. இருபத்திரண்டு வருஷமா ஒருத்தரும் வழி தவறினதில்லை. விதி நான் எழுதினது. அதுல ஓட்டை இல்லை.

கடைசி வண்டின்னு தூரத்துலயே தெரியணும் இல்லையா? அதுக்குத்தான் என் வண்டியோட முன் விளக்கு ரெண்டுல வலதுக்கு மஞ்சள் கண்ணாடி. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள். மூடுபனியில நானூறு மீட்டர்ல தெரியும்.

ஆமா, அதேதான். அந்த ஞாயித்துக்கிழமைக்கு மூணு நாள் முந்தி உன்கிட்ட பழைய வண்டியை விட்டப்போ சொன்னேன், அந்த மஞ்சளை எடுத்துட்டு வெள்ளை போட்டுடு, அது எங்க கிளப்போட அடையாளம்னு. போட்டுடறேன் ப்ரொஃபெசர்னு, பள்ளிக்கூடத்துல கூப்பிட்ட மாதிரியே சொன்னே. பரவாயில்லை, காப்பியைக் கீழ வை, கொட்டிடப் போறே.

அன்னிக்குப் பேச்சுல நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இன்னிக்கு என் வண்டி வேற, விளக்கு ரெண்டும் வெள்ளைன்னு. நாக்கு நுனியில இருந்துது. எதிர்ல கிலியான் கையுறையை மாட்டிக்கிட்டு நின்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எப்பவும் போல கடைசி நான்தான், என் விளக்கு உங்களுக்குத் தெரியும்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. சாப்பாட்டு இடத்துல சொல்லிக்கலாம், சூப்பு வயித்துல போனதுக்கப்புறம் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்னு நினைச்சேன்.

ஹோஹ்டோர்ன் கணவாய்க்குக் கீழ, இந்தப் பக்கம், மூணாவது கொண்டை ஊசி. மெதுவா திருப்பறேன். இந்த வண்டியோட கிளட்ச் வேற இடத்துல பிடிக்குது, அது கைக்கு இன்னும் தெரியலை. இஞ்சின் நின்னுடுச்சு. முன்னூறு கிலோ, செவெரின். உள்பக்கம் அப்படியே சாஞ்சுட்டேன். அடி ஒண்ணும் இல்லை. தனியா தூக்கப் பார்த்தேன், அசையலை.

எனக்கு முன்னாடி போயிக்கிட்டிருந்தது அன்செல்ம். கண்ணாடியில என்னைக் காணோம்னு திரும்பி வந்தான். ஹெல்மெட்டைக் கழட்டினான், வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் ரெண்டு பேரும் குனிஞ்சு தூக்கறோம், அப்பத்தான் கேட்டான். ப்ரொஃபெசர், ஸ்பூன் கொண்டு வந்திருக்கீங்களா? தயிர் கொட்டிப்போச்சே.

நான் சிரிக்கலை.

நாங்க குனிஞ்சு தூக்கிக்கிட்டு இருக்கிறப்போ கீழேர்ந்து ஒரு வண்டி வந்துது. சத்தத்துலயே தெரிஞ்சுக்கிட்டேன். பத்தொன்பது வருஷம் கேட்ட சத்தம். நிமிர்ந்து பார்த்தா, ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள். பக்கப் பெட்டியில நான் ஒட்டின ஸ்டிக்கர் கூடக் கிழிக்காம இருக்கு. ஓட்டினவர் வேகத்தைக் குறைச்சு, உதவி வேணுமான்னு கையால கேட்டார். வேண்டாம், போங்கன்னு நான்தான் கையைக் காட்டினேன். அன்செல்ம் குனிஞ்சே இருந்தான், அவன் பார்க்கலை. ஆக, பார்த்தது நான் ஒருத்திதான். நம்பர் இருக்கிற இடத்துல நீலப் பலகை. கடைக்காரங்க சோதனை ஓட்டத்துக்கு வைக்கிற நீலப் பலகை.

நீ எதுவும் சொல்ல வேண்டாம். நான் முடிக்கிறேன்.

வண்டியை நிமிர்த்தியாச்சு. அன்செல்ம் கூடவே வர்றேன்னான். நீங்க முன்னாடி போங்க, நான் கடைசியா வர்றேன், தயிர் மறுபடி கொட்டினா துடைக்க ஆள் வேணுமில்லைன்னான். எனக்கு முகம் எரிஞ்சுது. கடைசி நான்தான், விதி தெரியாதா, போ முன்னாடின்னு கத்தினேன். பள்ளிக்கூடத்துக் குரல்ல. அவன் கிளம்பினான். வேகமாவே போனான், கோபமோ என்னவோ.

கணவாய்க்கு அந்தப் பக்கம் பிரிவு. வலது பக்கம் புது ரோடு. நேரா போனா பழைய ரோடு, வசந்தத்துல மண் சரிஞ்சு பாதி ஆத்துல கிடக்கு. எப்பவும் தடுப்புக் கம்பு போட்டிருப்பாங்க. அன்னிக்கு மரம் இழுக்கிறவங்க கம்பைத் தூக்கி ஓரமா வெச்சிருந்தாங்க. மூடுபனி வேற. அந்தப் பிரிவுல நின்னது கிலியான்.

அவன் நின்னான், செவெரின். நாப்பது நிமிஷம் அந்தக் குளிர்ல நின்னான். அப்புறம் மஞ்சள் விளக்கு வர்றதைப் பார்த்தான். கையைத் தூக்கினான். உன்கிட்ட அந்த வண்டியை வாங்கினவர் எல்லைக்குத் தெக்குப் பக்கத்துக்காரர், ரோட்டோரம் ஒருத்தன் கையைத் தூக்கினா மரியாதைக்குத் தானும் தூக்கற ஜனங்க. தூக்கினார். கிலியான் வண்டியைக் கிளப்பிக்கிட்டுப் போயிட்டான். கண்ணாடியில கொஞ்ச தூரம் அந்த மஞ்சள் பின்னாடியே வந்துதுன்னு போலீஸ்ல சொல்லியிருக்கான். பொய் சொல்லத் தெரியாதவன் சொல்ற மாதிரி, அப்படியே சொல்லியிருக்கான்.

அஞ்சு நிமிஷம் கழிச்சு அன்செல்ம் வந்தான். ஆள் இல்லை. நேரா போனான்.

நானா? நான் வந்தப்போ பிரிவுல யாரும் இல்லை. எனக்கு வழி தெரியும், வழி போட்டதே நான். ஒரு நிமிஷம் இஞ்சினை நிறுத்திட்டு நின்னேன். பழைய ரோட்டுப் பக்கம் காது குடுத்துக் கேட்டேன். ஆத்துச் சத்தம்தான் கேட்டுது. வலது பக்கம் திரும்பிட்டேன்.

சாப்பாட்டு இடத்துல கிலியான் சூப்பு கிண்ணத்தோட வாசல்ல நிக்கிறான். என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், முகம் வெளுத்துப்போச்சு. ப்ரொஃபெசர், நீங்கதான் எனக்குக் கையைத் தூக்கிட்டீங்களேன்னான். எல்லார் முன்னாடியும். நான் உனக்குக் கையைத் தூக்கவே இல்லை, நான் வந்தப்போ நீ அங்க இல்லைன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதையேதான் போலீஸ்லயும் எழுதிக் குடுத்தேன்.

அப்புறம் அவன் யோசிச்சுக் கண்டுபிடிச்சுட்டான், முட்டாள் இல்லையே. நான் பார்த்தது ப்ரொஃபெசரோட பழைய வண்டின்னு வக்கீல்கிட்டச் சொல்லியிருக்கான். வக்கீல் உனக்குப் போன் பண்ணியிருக்கார். நீ என்ன சொன்னேன்னு அவரே எனக்குச் சொன்னார். வண்டி செவ்வாய்க்கிழமைதான் வித்துது, ஞாயித்துக்கிழமை கடையில பூட்டியே இருந்துதுன்னு. தேதி போட்ட காகிதமும் அனுப்பியிருக்கே. பாவம் அந்த வக்கீல், ரொம்ப வருத்தப்பட்டார். இருந்த ஒரே வாசலும் அடைஞ்சுபோச்சுன்னார்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு நான் கேக்கலை. தெரியும். நீலப் பலகையைப் போட்டு வித்த வண்டியை, அதுவும் ஞாயித்துக்கிழமை, எல்லை தாண்டி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போக விட்டா உன் முதலாளிக்கு உரிமம் போகும், உனக்கு வேலை போகும். வாங்கறவர் கெஞ்சியிருப்பார், நீ இளகியிருப்பே. ஒரு பலகை விஷயம்தானேன்னு ஒரு தேதியை மாத்தினே. அதுக்குப் பின்னாடி ஒருத்தன் செத்தது உனக்கு அப்போ தெரியாது. இப்போ தெரியும்.

அழாதே. பெரிய மனுஷன் நீ, கல்யாணம் ஆகி ஒரு குழந்தை இருக்கு. துடைச்சுக்கோ.

எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அந்தப் பலகையை அவர் எப்படித் திருப்பிக் குடுத்தார்? நேர்லயா? தபால்லயா. எப்போ வந்துது? உறையை வெச்சிருக்கியா? எடுத்துக் காட்டு. அந்த மேஜை இழுப்பறைக்குள்ளேயேவா? பூட்டு கூட இல்லாமலா?

ம். முத்திரை நல்லாத் தெளிவா இருக்கு. திங்கட்கிழமை, காலை. அவர் ஊர் பேர், அவர் விலாசம், எல்லாம் இருக்கு. செவ்வாய்க்கிழமை வித்த வண்டியோட பலகை திங்கட்கிழமையே தபால்ல ஏறியிருக்கு. இந்த ஒரு உறை போதும், கிலியான் வியாழக்கிழமை மத்தியானமே வீட்டுக்குப் போயிடுவான்.

வேற யாராவது இதைப் பார்த்தாங்களா? மெக்கானிக்? உன் பெண்டாட்டி? வண்டி வாங்கினவர் மறுபடி போன் பண்ணினாரா? நல்லது.

என்னது? இல்லை இல்லை, உட்காரு. எங்க கிளம்பறே? கோட்டை எடுக்காதே. உட்காருன்னு சொன்னேன்.

வக்கீலுக்குப் போன் பண்றேங்கறே. பண்ணி என்ன சொல்லுவே? நான் பொய் சொன்னேன்னா? சரி, சொல்லு. அடுத்த கேள்வி என்னைக் கேப்பாங்க. ப்ரொஃபெசர், உங்க பழைய வண்டி உங்களைத் தாண்டிப் போச்சா, நீங்க பார்த்தீங்களான்னு. விளக்கு மாறினதைக் காலையில சொன்னீங்களான்னு. ஏன் சொல்லலைன்னு. தயிர்க் கப்புன்னு நான் பேர் வெச்சவன் முன்னாடி, கிளப்காரங்க எல்லார் முன்னாடி, அன்செல்மோட பெண்டாட்டி முன்னாடி நான் எழுந்து நின்னு, வெக்கமா இருந்துதுன்னு சொல்லணும். முப்பத்தொன்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, உண்மையைச் சொல்லுடா, நேரா நில்லுடான்னு சொல்லிக் குடுத்தவ.

கிலியானுக்கு முப்பத்தோரு வயசு. வேற பள்ளத்தாக்கு இருக்கு, வேற கூரைகள் இருக்கு. ஒரு வருஷம் கூடப் போட மாட்டாங்க, முதல் தடவைங்கறதால. நான் விசாரிச்சுட்டேன்.

உறையா? இது என்கிட்ட இருக்கட்டும். கிழிக்க மாட்டேன், பயப்படாதே. பத்திரமா வெச்சிருப்பேன், உனக்கும் அதுதான் நல்லது. உனக்கு எப்பவாவது மனசு மாறினா, இது எங்க இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கோ.

போலீஸ்ல ரெண்டாவது தடவை என்னைக் கேட்டப்போ, வழியில என்னை எந்த வண்டியும் தாண்டலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன், செவெரின். போன வாரம். அதனால வியாழக்கிழமை உன்னைக் கேட்டா, செவ்வாய்க்கிழமைன்னே சொல்லு. ரெண்டு மணி ஆச்சு, கடைக் கதவைத் திற, யாரோ ஒரு அம்மா ரொம்ப நேரமா வெளியில நிக்கிறாங்க.